அப்பாவின் பின்சக்கரம்

அப்பா இறந்து, கரமனை வீட்டில் பாகம் பிரித்தபோது, அவருடைய சைக்கிளில் மிஞ்சியிருந்தவை இரண்டு சக்கரங்கள்தான். அவற்றையும் பிரித்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான் என் அண்ணன். திருக்கொச்சி சர்க்காரில் சூப்பிரண்டு உத்தியோகம். அதனால் சைக்கிளும் தெரியும் என்று நினைப்பு.

முன்சக்கரம் பளபளத்தது. பின்சக்கரத்தின் நடுவே, கம்பிகள் வந்து சேரும் ஹப்பின் மேல், அப்பா வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனம் எண்ணெயோடு சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. ஹப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; எந்த ஊரில் செய்தது என்று அதில்தான் வெட்டியிருக்கும். அண்ணனோ ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“இது வெறும் ஊர்ச் சரக்கு, கேட்டியா? நீயே வச்சுக்கோ.”

பிச்சை போடுகிற குரல். சக்கரத்தை என் பக்கமாக உருட்டிக்கொண்டேன். அவன் போனதும் சந்தனத்தைச் சுரண்டினேன். இங்கிலாந்தில் செய்தது என்று எஃகில் வெட்டிய எழுத்துகள் தெரிந்தன.

முன்சக்கரத்தை விற்க அவன் சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறான். “இது அப்புறம் மாத்தினது. பின்சக்கரம் அசலா இருக்குமே, அது எங்கே?” என்று கேட்டாராம் கடைக்காரர். அன்று சாயங்காலமே என் வாசலில் வந்து நின்றான்.

“அது இங்கே சும்மாதானே கிடக்கு. எங்கிட்டே குடுத்துடு.”

“நீயே பாத்து எனக்குன்னு குடுத்தது அண்ணா. எப்படித் திருப்பிக் குடுப்பேன்?”

அப்பாவின் வருஷாப்திகம் முடிந்து வந்த முதல் சரஸ்வதி பூஜைக்கு அவனைக் குடும்பத்தோடு அழைத்தேன். கூடத்தில் அந்தச் சக்கரத்தை நிறுத்தி, சுற்றிலும் சந்தனம் வைத்திருந்தேன். எழுத்துகளின் மேல் மட்டும் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை.