எட்டுக் கிலோவில் ஓர் ஏரி

மொட்டைமாடிக் கொடிக்கயிறுகளுக்கு நடுவே தூண்டில் நூலை வீசிக்கொண்டிருக்கிறான் இன்னாசி. முள் கிடையாது; நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு மட்டும். நூல் பின்னால் போய் நீண்டு, ஒரு கணம் காற்றில் படுத்து, முன்னால் வந்து தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல் ஓசையில்லாமல் இறங்குகிறது. அடுத்த மாடியில் வலையைப் பழுதுபார்க்கும் பிராங்கிளினுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா மாமு, தொட்டில கொடுவா மீனு கீதா?”

“கீது. உன் கண்ணுக்குத் தெரியாது.”

இன்னாசிக்கு நாற்பத்திரண்டு வயது. துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்களைக் கம்பியால் இறுக்கும் வேலை. கல்மண்டபத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, பழவேற்காடு ஏரி வரை போய் மீனைப் பிடித்து, திரும்பத் தண்ணீரிலேயே விடப்போவதாகச் சொன்ன முதல் ஆள். “புட்ச்சி வுட்றதுக்கா இம்மாந்தூரம்?” என்று தெருவே சிரித்தது. “கைல வச்சி கொஞ்ச நேரம் பாத்தா போதும்” என்றான்.

அத்திப்பட்டில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, முதுகில் சுமந்துபோன படகுக்குக் காற்றடித்துக் கால்வாயில் விட்டு, வடக்கே துடுப்புப் போட்டால் இரண்டாம் நாள் பழவேற்காடு ஏரி. மூன்று வருடமாகக் கைப்பேசி வரைபடத்தில் போய்க்கொண்டே இருக்கிறான். ஒரு வளைவில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் முதுகுப்பக்கம் போய்விடுமாம்; அப்புறம் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாதாம். இதைச் சொல்லும்போது சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும்.

வேலையில் ஒருமுறை இடது தோள் இறங்கிவிட்டதால், எட்டுக் கிலோவுக்கு மேல் சுமக்கக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. எல்லாவற்றையும் அக்கா ஐரீனின் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தான். கூடாரத்தின் இரும்பு முளைகளுக்குப் பதில் மூங்கில் சீவினான். சேவல் இறகும் கிறிஸ்துமஸ் சரிகையும் சேர்த்து முள்ளில் கட்டிய இருபது போலிமீன்கள், முப்பத்தொரு கிராம். ஐரீன் எட்டாம் வகுப்போடு நின்றவள்; இந்த விளையாட்டு அவளுக்குப் புரியாது. ஆனாலும் ஒவ்வொரு முடிச்சையும் வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒரு பிசிறு இல்லை என்று கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, பை சரியாக எட்டுக் கிலோ. ஐரீன் லைஃப் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

“அறுநூறு கிராம்க்கா. இதுல ஏறாது.”

“அப்போ நீயும் போவாத.”

“ஏரி இடுப்பாழங்கூட இல்ல. மீன்புடிக்கிற குடும்பத்து ஆளு இத்த மாட்டிகினு போனா காறித் துப்புவானுங்க.”

“துப்பட்டும். நீ முழுசா வூடு வந்து சேரு.”

அக்கா தலையாட்டாமல் இன்னாசி எங்கும் போனதில்லை. ரொட்டிப் பொட்டலத்தை வெளியே எடுத்தான், திரும்ப வைத்தான். போலிமீன் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு, அதையும் உள்ளே செருகினான்.

“பையிலதான ஏறாது? ரயில்லயும் மேல மாட்டிகினே போறேன்.”

ஜாக்கெட்டைச் சட்டைமேல் போட்டு, மூன்று கொக்கிகளையும் பூட்டிக்கொண்டு, பால் வாங்குவதற்காக டீக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நடந்தான்.