அமைதி என்று எழுதிய நாட்கள்

முப்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: சரி, தவறு, தெரியாது. ஈப்போவில் நான் பாடம் எடுக்கும் தாதியர் கல்லூரியில், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மறதி நோயைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்காக நானே உட்கார்ந்து தயாரித்த தாள் அது. பாடம் நடத்துவதற்கு முன் ஒரு தடவை எழுத வைப்பேன், நடத்தி முடித்த பிறகு இன்னொரு தடவை. இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் சொல்லிக்கொடுத்ததன் அளவு. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் 'தெரியாது' கட்டத்தைத் தொடவே மாட்டார்கள். அவ்வளவு வெட்கம். தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்கிற தாதி ஒரு நாள் ஆளைக் கொன்றுவிடுவாள் என்று வகுப்பில் கத்துவேன். எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம்.

பத்தொன்பதாவது வாக்கியம் இப்படி இருக்கும்: 'நோயாளி வீட்டை விட்டு வெளியேறி அலைவதற்குக் காரணம் எதுவும் கிடையாது.' பாதிக்கு மேல் 'சரி' என்று போடுவார்கள். தவறு. பாடத்தின்போது பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்: காரணம் இருக்கும், அந்த ஆள் என்ன வேலை பார்த்தார், எந்த நேரத்துக்கு எழுந்தார் என்று விசாரியுங்கள், கண்டுபிடியுங்கள். சொல்லிவிட்டு மத்தியானம் குனோங் ராபாட்டுக்கு, வீட்டுக்குப் போவேன். அங்கே என் அம்மா இருந்தார். அவரிடம் நான் எதையும் விசாரித்ததில்லை.

அம்மா பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, மரங்களை அழித்துச் செம்பனை போட்டபோது என்னோடு வந்துவிட்டார். மறதி நோய் வந்து நாலு வருஷம். மற்ற நேரம் பரவாயில்லை, விடிகாலைதான் ஆபத்து. தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வாசல் இரும்புக் கதவை ஆட்டுவார். ஒரே வருஷத்தில் மூன்று தடவை வெளியே போய்விட்டார். மூன்றாவது தடவை தாப்பாவிலிருந்து அண்ணன் வந்து, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "இன்னொரு தடவ வெளிய போனாங்கன்னா ஹோம்ல விட்டுருவோம் லா. நீ வேலைக்குப் போறவ. ரோட்ல அடிபட்டுச் செத்தாத்தான் ஒனக்குப் புத்தி வருமா?"

ஹோம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவளே நான்தான். நல்ல ஹோம்கூட, விடிகாலையில் எழுந்து நடக்கிறவர்களை என்ன செய்யும்? கட்டில் கம்பியை ஏற்றிவிடும், அல்லது மருந்து கொடுத்துத் தூங்க வைக்கும். என் அம்மாவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். தினமும் காலையில் அம்மா எப்படி இருக்கிறார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன். முதல் நாள் அமைதி. இரண்டாம் நாள் அமைதி. ஒன்பது நாளும் அமைதி. அம்மா பத்து மணிவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், தலைத்துணியைத் தேடவில்லை, கதவை ஆட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். காலை ஏழு மணிக்கே வந்து அம்மாவோடு இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம், "இனிமே ஒம்போது மணிக்கு வந்தாப் போதும் அக்கா, மாத்திர நல்லா வேல செய்யுது" என்றேன்.

பத்தாவது நாள் முதல் தேர்வு. மாத்திரையை நம்பி வாசல் இரும்புக் கதவைப் பூட்டாமலே புறப்பட்டிருந்தேன். தேர்வறையில் போன் கூடாது என்பது என் சட்டம். எல்லோருடைய போனும் மேசைமேல் ஒரு பெட்டியில் கிடக்கும், என்னுடையதும் சேர்த்து. ஒன்பது மணி போலப் பெட்டிக்குள் ஏதோ ஒன்று உறுமியது. யாருடையது என்று முறைத்துப் பார்த்தேன், பிள்ளைகள் தலை குனிந்தார்கள். திரும்பத் திரும்ப உறுமியது. தேர்வு முடிந்து பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அக்காவிடமிருந்து பதினொரு அழைப்பு. கூடவே எங்கள் குடியிருப்புத் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட படம். 'இந்தப் பாட்டி யார் வீடு?' படத்தில் என் அம்மா. கையில் கறி வெட்டுகிற கத்தி.

கார் ஓட்டிய வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். கத்தியைக் கீழே போடச் சொல்லி யாராவது பிடித்துத் தள்ளியிருப்பார்களோ என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன்.

இரண்டு தெரு தள்ளி, பிள்ளைகள் பந்தாடும் பாடாங் ஓரமாக வரிசையாக நிழல்மரங்கள் உண்டு. முதல் மரத்தில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கீறல் பார்த்தேன். இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து இறங்கியது. அடுத்த மரத்திலும் அதே உயரம், அதே சரிவு. ஒவ்வொரு மரத்தடியிலும் எங்கள் வீட்டுப் பீங்கான் கோப்பை ஒன்று இருந்தது. அம்மா கட்டிலுக்கு அடியில் கோப்பைகளை ஒளித்து வைப்பதும், நான் முணுமுணுத்துக்கொண்டே சமையலறைக்கு எடுத்துப் போவதும் தினசரி நடக்கும் கூத்து. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகள் அவை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஏழாவது மரத்தடியில் அம்மா நின்றிருந்தார். செருப்பில்லை, கால் விரலில் ரத்தம். அக்கா கொஞ்ச தூரத்தில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"எங்கம்மா வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். எல்லோருக்கும் முன்னால்.

அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை. உள்ளங்கையை மரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார். "எத்தன நாளா மழ. இன்னிக்கித்தான் பட்ட காஞ்சிருக்கு. வேலைக்குப் போவாம வீட்ல படுத்திருக்கச் சொல்றியா?"

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அமைதி, அமைதி, அமைதி. அந்த ஒன்பது நாளும் விடியற்காலையில் மழை. வருஷக் கடைசி மழை, எங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மலையே தெரியாமல் கொட்டியது. மழை பெய்தால் பட்டை ஈரமாகிவிடும், பால் சீவிய கோட்டில் ஓடாமல் வழிந்து போகும், மரம் சீவ முடியாது. இது தோட்டத்தில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மழை நாளில், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலையும், பேர் கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து பதினேழு வயதுவரை அங்கேயே வளர்ந்த நான், மழை செய்த வேலையை மாத்திரை செய்ததாக எழுதி டாக்டருக்கும் காட்டியிருக்கிறேன். படித்தவள் செய்கிற தப்பு. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். படம் அவருக்கும் போயிருந்தது. பத்து காஜாவில் ஒரு ஹோமில் பேர் பதிந்தாகிவிட்டது, அடுத்த மாதம் ஒரு கட்டில் காலியாகும் என்றார். "அண்ணே, ஒரு மாசம் குடுங்க. இந்த மாசத்துல ஒரு நாள் வெளிய போனாலும் நானே கூட்டிட்டுப் போய் விடுறேன்" என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். ஐம்பத்திரண்டு வயதில் அப்படிக் கெஞ்சுவேன் என்று நினைத்ததில்லை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரி" என்றார்.

மழை ஓய்ந்துவிட்டிருந்தது. மறுநாளே அம்மா ஐந்து மணிக்கு எழுந்து தலைத்துணியைக் கட்டினார். நான் பின்கட்டுக்கு ஓடினேன். சமையலறைக்கு மேலே தகரக் கூரை, அதை ஒட்டித்தான் அம்மாவின் அறை. கார் கழுவும் ரப்பர் குழாயை மாட்டி, வாயை விரலால் அழுத்திக் கூரைமேல் அடித்தேன். தகரம் சடசடவென்று இரைந்தது. தண்ணீர் அம்மாவின் ஜன்னலோரம் கொட்டியது. ஐந்து நிமிஷம் நின்று கேட்டேன். கதவை ஆட்டும் சத்தமில்லை. எட்டிப் பார்த்தால் அம்மா தலைத்துணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஈர நைட்டியோடு அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும் ஐந்து மணிக்கு மழை பெய்வித்தேன். ஏழு மணிவரை பெய்தால் போதும், பட்டை நனைந்த நாளில் அதற்குமேல் வேலை கிடையாது. குழாயை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்துவிட்டுக் குளித்து, சமைத்து, வேலைக்குப் புறப்படுவேன். ஏழு மணிக்கு வரும் அக்கா ஒரு நாள் கேட்டார்: "என்ன லா, டெய்லி கூரையக் கழுவுற?" பாசி பிடித்திருக்கிறது என்று பொய் சொன்னேன். நோட்டில் மறுபடியும் அமைதி, அமைதி. இடையில் ஒரு நாள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, ஹோமுக்குப் போன் பண்ணி இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொன்னார்.

மூன்றாவது வாரம் இரண்டாவது தேர்வு வந்தது. கேள்வித்தாள் கட்டை முந்தின சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே மேசையில் மறந்து வைத்திருந்தேன். ஆறரை மணிக்கு அதை எடுக்க உள்ளே போனேன். தூங்குகிறார் என்று நினைத்து விளக்குப் போடவில்லை. கூரையில் என் மழை இரைந்துகொண்டிருந்தது.

அம்மா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். தலையணை நனைந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, லயத்துப் பக்கத்து வீட்டுக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்தியா அக்கா, இந்த மாசம் பூரா மழ. ஒரு நாளும் வேல இல்ல" என்றார். "பெரியவன் கூடப் பொறுத்துக்குவான். சின்னவ பசி தாங்க மாட்டா. ஒங்க வீட்ல அரிசி இருந்தா ஒரு டின்னு குடு அக்கா."

சின்னவள் நான்தான்.

"நாந்தாம்மா சின்னவ. நான் நல்லா இருக்கேன், வேலைக்குப் போறேன், பாருங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. மழையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

சமையலறைக்குப் போய்ப் பால் மாவு டின் நிறைய அரிசி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பின்கட்டுக்குப் போனேன். குழாய்த் திருகில் கை வைத்தேன். நிறுத்தினால் அம்மா எழுந்துகொள்வார், தலைத்துணியைக் கட்டுவார், போய்விடுவார். நான் நிறுத்தவில்லை. ஏழு மணிவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பத்தொன்பதாவது கேள்விக்கு வகுப்பில் எல்லோரும் சரியான விடை போட்டிருந்தார்கள். என் சக ஆசிரியை கைகுலுக்கினார். சாயங்காலம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், அமைதி என்று எழுதக் கை வரவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து முதலில் டின்னில் அரிசி போட்டு அம்மாவின் கட்டிலருகே வைத்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.