களியை மென்றவன்

மூக்கண்டப்பள்ளியில் மகள் வீட்டுக்குப் போனால் எனக்கு டிவிதான் கதி. போன வாரம் மருமகன் கம்பெனி லீவில் பழைய வெள்ளைக்காரத் துப்பறியும் தொடர் ஒன்றைப் போட்டார். அறுபதுகளின் கடைசியில் எடுத்ததாம். ஒரு போலீஸ்காரன் கைதி வேஷத்தில் ஜெயிலுக்குள் போகிறான். எல்லோரும் நம்புகிறார்கள். ரகசியத்தைக் கறந்துகொண்டு தலை கலையாமல் வெளியே வருகிறான்.

"சுத்தப் புளுகு" என்றேன்.

"உங்களுக்கெப்படித் தெரியும் மாமா?"

பெண் கொடுத்த இடத்தில் ஜெயிலுக்குப் போன கதையை யார் சொல்வார்கள்? உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் அரிசியை எல்லை தாண்டி மைசூர் பக்கம் கொண்டுபோனால் குற்றம். கேடுகெட்ட சட்டம். வைக்கோலுக்கு அடியில் மூட்டையோடு எங்கள் வண்டி பிடிபட்டது. அண்ணன் மாதப்பன் செக்போஸ்ட்காரனைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டான். நானும் திம்மராயன் சித்தப்பாவும் மாட்டினோம். அண்ணன் போலீஸ் கையில் கிடைத்திருந்தால் அவன் எலும்பை எண்ணியிருப்பார்கள். முன்பே பேசிவைத்தபடி அவன் தளிக்குப் பக்கத்தில் ஒரு பூந்தோட்டத்தில் பதுங்கியிருந்தது எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

சப் ஜெயில் அறைக்கு ஜன்னல் கிடையாது. மூலையில் மூத்திரச் சட்டி. படுக்க ஈரச் சாக்கு. இன்றைக்கும் மழையில் சாக்கு நனைந்த வாடை வந்தால் எனக்கு மூச்சு முட்டும், வீட்டில் எல்லாக் கதவையும் திறந்துவைப்பேன்.

அந்த அறைக்குள் இன்னொருவனையும் தள்ளினார்கள். அஞ்செட்டிக்காரனாம், மாடு திருடினானாம். பேச்சு அப்படியே எங்கள் பேச்சு. பீடி கொடுத்தான். சித்தப்பா உருகிவிட்டார். அவருக்குப் பீடி கிடைத்தால் வாயில் பூட்டு நிற்காது.

"உங்காளு தப்பிச்சிகினானாமே அண்ணா? கில்லாடிதான். எந்தப் பக்கம் போனான்?"

"அதுவா..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். நல்லவேளை, களி வந்தது.

எங்கள் பக்கம் கேழ்வரகுக் களியை யாரும் மெல்ல மாட்டோம். கிள்ளி, குழம்பில் புரட்டி, விழுங்குவோம். பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த அஞ்செட்டிக்காரன் சோறு மாதிரி மென்றான். பல்லில் அப்பிக்கொண்டு திணறினான்.

சித்தப்பாவின் தொடையைக் கிள்ளினேன். "அகித்தானே நோடு" என்றேன் கன்னடத்தில், மெல்லுகிறான் பார் என்று. பார்த்தார்.

"எங்க போனான்னு சொல்லலியே அண்ணா?"

"காசிக்குப் போய்ட்டாம்பா. நீ பல்ல பாத்துக்க, களி புடுங்கிகினு போயிடும்."

அதோடு நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அவனை வெளியே எடுக்கவும் யாரும் வரவில்லை. நாலைந்து நாள் பொறுத்தவன் கம்பியைப் பிடித்துக் கத்தினான்.

"யோவ், நான் போலீஸ்யா! இன்ஸ்பெக்டரக் கூப்புடு!"

"அவரு லீவு. நேத்து ஒருத்தன் கலெக்டர்னான். போய்ப் படு" என்றார் வார்டர்.

சித்தப்பா உருண்டு சிரித்தார், நானும் சிரித்தேன். அவன் சுவர் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்ததும் எரிச்சல்தான் வந்தது. அவனும் அதே சட்டியில்தான் போகவேண்டியிருந்தது.

நாங்கள் விடுதலையாகி வருவதற்குள் அண்ணன் காட்டுவழியாக எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். கேஸுக்குப் பயந்து அம்மா சாவுக்கும் வரவில்லை. பிறகு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது பெங்களூர் ரோட்டில் லாரி லாரியாக அரிசி போகிறது, ஏனென்று கேட்க ஆளில்லை. குற்றம் இல்லையென்று ஆக்கியவர்கள் அதை என் அண்ணனிடம் போய்ச் சொல்லவில்லை. நாங்கள் போய்ச் சொல்லலாமென்றால், அவன் எந்த ஊரில் இருந்தான் என்று கடைசிவரை தெரியவில்லை.