அப்பாவை வைத்துக்கொள்ள ஆள் இல்லாத குடும்பம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்த பிறகு எங்கள் சொந்தபந்தங்களுக்கெல்லாம் அவர்மேல் பாசம் பொங்கியது. பாசத்துக்குக் குறைவே இல்லை. அவரைத் தூக்கி உட்காரவைக்கத்தான் ஆள் இல்லை.

நான் குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். விடிந்ததும் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, டயபர் மாற்றி, கதவைப் பூட்டிவிட்டு ஓடுவேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம், நான் மக்சிக் என்று கூப்பிடுகிறவரிடம், ஒரு சாவி கொடுத்திருந்தேன். மதியம் வந்து அவரைப் புரட்டிப் படுக்கவைத்துச் சோறு ஊட்டுவார். அப்பாவின் இடுப்பில் புண் வைத்திருப்பதை முதலில் பார்த்ததும் அவர்தான். பெற்ற மகள் நான் பார்க்கவில்லை. என் லட்சணமும் அவ்வளவுதான்.

மக்சிக், முழங்கால் மோசமாகி, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல், மெர்லிமாவ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் விசாரித்துவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து அண்ணனும், சித்தப்பாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். வழியில் உம்பாய் கடற்கரைக் கடையில் சுட்ட மீன் சாப்பிட்டதால் தாமதமாம். மெல்ல முடியாத அப்பாவுக்கு அண்ணன் ஒரு பை ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்.

"ஹோம்ல போட்டா ஊர்ல தலகாட்ட முடியாது லா," என்றார் சித்தப்பா.

"அப்ப நீங்க கூட்டிட்டுப் போங்க சித்தப்பா."

"எங்க வீட்டுல ரூமெல்லாம் மாடியில இருக்கும்மா."

"நீ வேலைய விட்டுரு லா," என்றார் அண்ணன். "ஒனக்கென்ன, புருசனா புள்ளையா?"

"நீங்க விடுங்கண்ணே."

"நான் மேனேஜர் லா!"

உள்ளே அப்பா இடக்கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். நான் ஓடினேன். சித்தப்பா பின்னால் வந்தார். அண்ணன் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார்.

"என்னைய... ஹோமுக்கு... கூட்டிட்டுப் போ," என்றார் அப்பா, ஒவ்வொரு சொல்லாக.

"அப்பாவுக்குப் புத்தி தடுமாறுது," என்றார் அண்ணன்.

அப்பா அவரையே பார்த்தார். "புத்தி... நல்லாத்தான் இருக்கு. ஒனக்குத்தான்... நாத்தம் தாங்கல."

கூட்டம் அத்தோடு கலைந்தது. கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். நெடுஞ்சாலை டோலில் கார்கள் நெரிசலாகிவிடும் என்று கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரமே அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். ஆனால் அங்கே இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைத்தார்கள். சில மாதங்களில் புண் ஆறியது. இடக்கையால் சாப்பிடப் பழகிவிட்டார்.

பெற்றவரைத் துரத்திவிட்டவள் என்று அண்ணன் கல்யாண வீடுகளில் என்னைப் பற்றிச் சொல்கிறாராம். அவர் இதுவரை அந்த இல்லத்து வாசலை மிதித்ததில்லை. நான் வாராவாரம் போகிறேன். போன தடவை அப்பா பக்கத்துக் கட்டில்காரரோடு டிவிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "செத்த நேரம் இரு, படம் முடியட்டும்," என்றார்.

உட்கார்ந்து நானும் பார்த்தேன்.