முகூர்த்தத்துக்குள் ஒரு லேசர்

ஆஸ்பத்திரி டோக்கன் மேசையில் உட்கார்ந்து, வயசான ஆம்பளைகளிடம் "என்ன தொந்தரவு?" என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேட்டவர்களுக்கு என் பாடு புரியும். இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷம் உத்திரமேரூர் பஜாரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் போட்டேன். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து சிறுநீரக டாக்டர் வருவார். மேசையில் நான், மடியில் என் கைக்குழந்தை. எந்தப் பெரியவர் உண்மையைச் சொல்வார்?

முட்டி வலி

ஏகாம்பரம் தாத்தாவும் "முட்டி வலின்னு எழுதிக்கோம்மா" என்றுதான் ஆரம்பித்தார். அவர் பேரையும் ஊரையும் எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை பின்பக்கம் கழிப்பறைக்குப் போய் வந்துவிட்டார். மூன்றாம் தடவை போனதும் அவர் மனைவி கன்னியம்மா மேசை மேல் குனிந்தார்.

"அடுத்த மாசக் கடைசில பேத்திக்குக் கல்யாணம். அப்பன் இல்லாத பொண்ணு, இவுருதான் மனையில குந்தி தாரை வாக்கணும். கால் மணி நேரம் குந்த முடில. பாதில எழுந்து ஓடுனா சம்பந்திங்க இன்னா நெனப்பாங்க?"

ஸ்கேன்

நிறைய தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினோம். அடுத்த ஞாயிறு குடித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் கண்டக்டரைக் கெஞ்சி, வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். மறுபடி குடிக்கச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குடின்ற, சரி. அடக்குன்றியே, அது என்னால முடிஞ்சா நான் இங்க ஏம்மா வரேன்?"

டார்ச் லைட்

ப்ராஸ்டேட் வீங்கி வழியை நெருக்குகிறது என்றார் டாக்டர். தாத்தா இருதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். அதனால் ரத்தம் அதிகம் போகாத லேசர்தான் நல்லதாம். அதை வெளியிலிருந்து டார்ச் அடிப்பதுபோல அடிப்பார்கள் என்று நினைத்துத் தாத்தா உடனே தலையாட்டினார். லேசர் குழாய், மூத்திரம் வருகிற வழியாகத்தான் உள்ளே போகும் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

பெஞ்சில் பாத்திரக்கடை காதர் பாய் இருந்தார். ஆறு மாசம் முன்னால் அதே லேசர் செய்துகொண்டவர். துண்டின் நுனியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"யோவ், கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டு தொழுவ நின்னா பாதில சொட்டும், திரும்ப கழுவ ஓடுவேன். இப்ப அஞ்சு வேளையும் நிம்மதியா தொழுவுறேன். ஊசி போட்டு மரத்துப்போன எடத்துல எது போனா உனக்கு இன்னாய்யா?"

ஒத்திகை

தாத்தா சம்மதித்து, சென்னையில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ட்யூபை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எரிச்சலும் அவசரமும் கொஞ்ச நாள் இருக்கும் என்று டாக்டர் முன்பே சொன்னதுதான். ஆனாலும் பத்தாம் நாள் தாத்தா வந்து, "இன்னும் ஓடிக்கினுதாம்மா கீறேன்" என்றபோது நான் காலண்டரில் நாளை எண்ணினேன். கல்யாணத்துக்கு இரண்டே வாரம்தான். கன்னியம்மா மட்டும் அசரவில்லை.

"தெனம் வூட்டுல மனையப் போட்டு குந்த வெக்கிறேன். நேத்து பத்து நிமிஷம், இன்னிக்கு கால் மணி. பொண்ணுக்குக்கூட இவ்ளோ மெனக்கெடலம்மா, இவுராலதான் பேஜார்."

முகூர்த்தம்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். மாப்பிள்ளை எப்படி என்று பார்க்கவே இல்லை, தாத்தாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் மந்திரத்தை நீட்டிக்கொண்டே போனார். தாத்தா அசையவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொடுக்க, கன்னியம்மா சொம்பிலிருந்து தாரை வார்த்தார். தாலி ஏறியது. தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார், நானும்தான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடப் போய், ஐயரும் மூட்டையைக் கட்டியாயிற்று. தாத்தா மட்டும் மனையிலேயே இருந்தார். கால் மணி நேரம் உட்காரமாட்டாரா என்று ஏங்கிய நாங்கள், டாக்டரிடம் எழுப்புவதற்கும் சேர்த்து மருந்து கேட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் கன்னியம்மாதான் வந்து கெஞ்சினார்:

"யோவ், போதும் எழுந்துருய்யா, மண்டபத்துக்காரன் மனைய எடுக்கணும்னு நின்னுக்கினு கீறான்."