சுண்ணாம்புக் கோட்டு வகுப்பறை

தனியார் பள்ளியிலிருந்து மகளை மாற்றிச் சேர்க்க, செஞ்சிக்குப் பக்கத்திலுள்ள அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். கூட்டமா அது? மேல்மலையனூர் அமாவாசைதான்! தலைமை ஆசிரியை முழங்கை வரை சுண்ணாம்புத் தூளோடு மைதானத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் காலையில் அவருக்கு முதல் வேலையே, இல்லாத வகுப்பறைகளை வரைவதுதானாம்.

கோட்டைத் தாண்டி அவரிடம் போனேன்.

“இன்னா சார், சுவத்துல பூந்து வர்றீங்க? வாசல் அந்தாண்ட இருக்குது!”

“கட்டடம் எப்ப டீச்சர் வரும்?”

“பணம் இன்னும் வரல சார். புள்ளைங்க வந்துட்டாங்களே! பணம் வர்ற வரைக்கும் திரும்பிப் போங்கன்னா சொல்றது?”

சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குக் கோடு இழுத்தார்.

சுற்றிக்கொண்டு போனேன். கோட்டில் விட்டிருந்த இடைவெளிதான் வாசல். நான் நெட்டை. நிலை இடித்துவிடுமென்று, அந்த வெட்டவெளியில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தேன்.