கிணற்றுக்குள் எட்டிய குரல்

கிருபாமணி அக்காவை எங்கள் சபையின் பாடகர் குழுவிலிருந்து நீக்கியது தவறு. அவர் உயிரோடு இருந்தவரை அது சரி செய்யப்படவில்லை. சென்ற மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். அவருடைய மகன் சைக்கிளில் வந்து, "மாமா, அம்மா காலையில பூட்டாங்க" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

அக்கா பம்மலில் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை பார்த்தவர். பெரிய மர உருளைகள் சுற்றும் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவர் தொண்டை உரத்துப்போயிருந்தது. குழுத் தலைவர் ஒரு ஞாயிறு அவரை அழைத்து, "சிஸ்டர், உங்க வாய்ஸ் மட்டும் தனியா துருத்திட்டு நிக்குது. சுருதியும் சேரல" என்றார். அக்கா அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றோடு நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தினேன். அவர் நிறுத்தவில்லை.

அடுத்த கோடையில் நடந்தது இது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் கிணறு வெட்டுகிறவன். சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால், புது மனை ஒன்றில் உறை கிணறு இறக்கிக்கொண்டிருந்தோம். உள்ளே இறங்கி அடி மண்ணை அள்ள அள்ள, மேலே அடுக்கிய சிமெண்ட் உறைகள் கீழே இறங்கும். அன்று காலை முப்பதடி ஆழத்தில் இரண்டு உறைகள் விலகி, நடுவில் மணல் கொட்டியது. மார்பு வரை புதைந்தேன். தலைக்கு மேலே உடைந்த உறை ஒன்று சாய்ந்து நின்றது.

கிணற்றோரம் கால் பட்டாலே மண் சரியும் என்று தீயணைப்புக்காரர்கள் எல்லோரையும் தள்ளி நிறுத்தினார்கள். மேலே ஒரு முகமும் தெரியவில்லை. கத்தினேன். கத்தி மூச்சு விட்ட ஒவ்வொரு முறையும் மணல் மார்பை இன்னும் இறுக்கியது. எதற்குப் பயந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். சாவதற்கல்ல, யாருமில்லாமல் சாவதற்கு.

அடுத்த தெருவில் குடியிருந்த அக்கா கூட்டத்தோடு நின்றிருக்கிறார். அங்கிருந்தே அவர் குரல் உள்ளே வந்தது.

"டேய் தேவராஜு! கேக்குதா?"

"கேக்குதுக்கா."

"கத்தாத. ஆண்டவர் உன் பக்கத்துலயே நின்னுகினு கீறாரு."

"இங்க எனக்கே நிக்க எடம் இல்லக்கா."

"அப்போ உன்னைத் தூக்கிகினு நிக்கிறாரு. பாட்டைக் கேளு."

கீர்த்தனை ஒன்றைத் தொடங்கினார். ராகம் எங்கோ போயிற்று.

"ராகம் தப்புதுக்கா."

"மேல வந்து நீ சரியா பாடு. பல்லவி உன்னுது, சரணம் என்னுது. நீ பாடற வரைக்கும் நான் நிறுத்த மாட்டேன், ஊருதான் கஷ்டப்படும்."

கூட்டம் சிரித்தது கீழே கேட்டது.

பல்லவி பாட மூச்சை நிதானமாக இழுக்க வேண்டியிருந்தது. கத்தல் தானாக நின்றது. மூன்றாம் முறை பாடும்போது பயம் போய்விட்டிருந்தது. மணல் அப்படியே இருந்தது. உறையும் தலைக்கு மேல் அப்படியே சாய்ந்திருந்தது. ஆனால் நான் தனியாக இல்லை. இதை யாரும் எனக்கு நிரூபிக்கவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அங்கே இருந்தவன் நான்.

வெயில் சாயும் நேரத்தில் தீயணைப்புக்காரர்கள் பலகை போட்டு இறங்கி, மணலை அள்ளி, கயிறு கட்டி இழுத்தார்கள். அக்காவின் தொண்டை முழுதாகக் கட்டியிருந்தது. "நீதான்க்கா காப்பாத்தின" என்றேன். "தூக்கினவங்க அவங்க. கூட இருந்தவரு அவரு. நான் பாடினேன், அவ்ளோதான். கொழப்பிக்காத" என்றார் காற்றாக.

நான் பள்ளிக்கூடம் போனவனல்ல. பாட்டுப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். அப்படிக் கற்ற கோணல் கையெழுத்திலேயே சபை நிர்வாகக் குழுவுக்கு வருடந்தோறும் எழுதினேன். துருத்திக்கொண்டு நின்ற குரல்தானே முப்பதடிக்குக் கீழே எட்டியது என்று கேட்டேன். "கொயர்னா ஒரு டிசிப்ளின் இருக்கு பிரதர்" என்று பதில் வந்தது. அக்கா என்னைத்தான் திட்டினார்: "எனக்கோசரம் மூஞ்சத் தூக்கி வெச்சுகினு வெளிய நிக்காத. பெஞ்சுலேர்ந்து பாடினா அவருக்குக் கேக்காதா இன்னா?" அவருக்காக உள்ளே போய் உட்கார்ந்தேன். குழுவை மன்னிக்கவில்லை.

அடக்க ஆராதனையில் அதே கீர்த்தனையைப் பாடகர் குழு சுருதி பிசகாமல் பாடியது. நான் அக்காவின் ராகத்தில் பாடினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இனி நடக்க வேண்டியது இது. அக்கா மடித்துக் கொடுத்த அங்கியைக் குழுத் தலைவர் அக்காவின் மகன் கையில் கொடுக்க வேண்டும். நீக்கியது தவறு என்று சபை நிர்வாகக் குழு தன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆயர் அதை ஒரு ஞாயிறு, மைக் இல்லாமல், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும். அக்காவை அறிந்த நீங்கள், பக்கத்தில் யாராவது சுருதி தவறி உரக்கப் பாடினால், திரும்பிப் பார்க்காமல் கூடப் பாட வேண்டும். என் வேலையை அக்கா அன்றே சொல்லிவிட்டார். பல்லவி என்னுடையது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான். சரணத்தை அவர் மேலிருந்து பாடுவார். அன்றும் மேலிருந்துதான் பாடினார்.